தட்டில் முளைக்காத கிருமி

ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் பச்சைத் தோல் வாங்கிப் பழகியவர்கள் கிருமியைத் தேடி ஆய்வுக்கூடத்துக்குப் போவதில்லை. தோலின் ஓரத்தில் ஒரு கொத்து மயிரை விரலால் பிடித்து இழுத்துப் பார்ப்பார்கள். மயிர் எளிதில் கழன்று கையோடு வந்தால் அந்தத் தோல் போயிற்று. உப்பு போதாமலோ, தாமதமாக உப்பிட்டதாலோ உள்ளே அழுகல் தொடங்கிவிட்டது என்று பொருள். மயிர்க்காலைத் தளர்த்தியது பாக்டீரியா என்று அவர்கள் சொல்ல வேண்டிய தேவையில்லை. சொல்லாமலே விலையைக் குறைத்துவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரை அதன் செயலைக் கொண்டு கண்டறியும் இந்த முறை, நுண்ணோக்கி இந்தியாவுக்கு வந்து சேர்வதற்கு வெகுகாலம் முன்பே தோல் வணிகத்தில் இருந்தது.

வாலாஜா, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் தொடங்கிப் பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வரை பாலாற்றை ஒட்டி நீளும் இந்தத் தோல் வட்டாரம் கிருமிகளோடு வைத்திருக்கும் உறவு பாதி பகை, பாதி நட்பு. பகைக்கு உப்பு. அந்த உப்பிலும் வாழக்கூடிய சில நுண்ணுயிர்கள் உண்டு; அவை பெருகினால் உப்பிட்ட தோலின் சதைப்புறம் செந்நிறமாக மாறும். நட்புக்கு உதாரணம் வேண்டுமானால், சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து எடுத்த தோலை மென்மையாக்க உலகெங்கும் நாயின் எச்சத்தையும் புறாவின் எச்சத்தையும் கரைத்துப் பயன்படுத்திய காலத்தைச் சொல்லலாம். அந்த அருவருப்பான கரைசலில் வேலை செய்பவை பாக்டீரியாக்களும் செரிமான நொதிகளும்தான் என்று இங்கிலாந்தின் நாட்டிங்காமில் ஜோசப் டர்னி வுட் ஆராய்ந்து காட்டினார். ஜெர்மானியரான ஓட்டோ ரோம் 1907-08 ஆண்டுகளில் கணையத்து நொதியைக் கொண்டு அதற்கு மாற்று ஒன்றைச் செய்து விற்கத் தொடங்கினார். நாய்கள் அத்தோடு அந்தத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றன.

இத்தனையும் கண்ணால், மூக்கால், விரலால் அறியக்கூடியவை. நாம் இங்கே எழுத எடுத்துக்கொண்டது இதற்கு நேர் எதிரான ஒரு சங்கதி: மணமும் நிறமும் இல்லாமல், இழுத்துப் பார்க்க மயிரும் இல்லாமல், மனித உடம்பின் ஆழத்தில் ஓர் உலோக மூட்டின் மேல் ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் இருந்துவிடும் கிருமி. அதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடங்கள் பட்ட பாடு ஒரு நூற்றாண்டுக் கதை. அந்தக் கதையின் வெவ்வேறு கிளைகள் வேலூரைத் தொட்டுச் செல்கின்றன என்பதால் எங்களுக்கு அதில் கூடுதல் ஈடுபாடு.

செயற்கை மூட்டின் வரலாறே கிருமியிடம் தோற்றுத் தொடங்கியது. 1890ஆம் ஆண்டு மே மாதம் பெர்லினில் தெமிஸ்டோக்லெஸ் க்ளுக் என்ற அறுவை மருத்துவர் யானைத் தந்தத்தில் கடைந்த ஒரு முழங்கால் மூட்டை நோயாளி ஒருவருக்குப் பொருத்தினார். முழங்கால், இடுப்பு, மணிக்கட்டு என்று மொத்தம் 14 மூட்டுகள் வைத்ததாகக் கணக்கு. அவர் எடுத்துக்கொண்ட மூட்டுகளில் பல காசநோயால் அரிக்கப்பட்டவை. காசநோய்க் கிருமியை 1882இல் அதே பெர்லினில்தான் ராபர்ட் கோக் அறிவித்திருந்தார். ஆனாலும் நோயுற்ற இடத்திலேயே தந்தத்தை வைத்தார் க்ளுக். சில காலம் நன்றாக அசைந்த மூட்டுகள் பிறகு சீழ் வைத்தன. காசநோய் கண்ட மூட்டில் இந்த அறுவை கூடாது என்று அவரே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அதன்பின் அந்த யோசனை ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் பெரிதாகத் தலையெடுக்கவில்லை.

எடுத்தபோது அதுவும் ஒரு காசநோய் மருத்துவமனையில்தான். இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனை முன்பு காசநோயாளிகளுக்கானது. ஜான் சார்ன்லி 1962 நவம்பரில் அங்கே எஃகுத் தண்டும் அடர்த்தியான பாலிஎத்திலீன் கிண்ணமும் கொண்ட இடுப்பு மூட்டைப் பொருத்தினார். அதற்கு முன் அவர் டெஃப்ளானை நம்பி ஏமாந்த கதை தனி. உராய்வுச் சிக்கலைத் தீர்த்த பிறகு அவர் முன் எஞ்சி நின்றது தொற்று. தொடக்க காலத்தில் அவருடைய நோயாளிகளில் நூற்றுக்கு ஏழு பேர் அளவுக்குத் தொற்று கண்டது. அறுவைக் கூடத்துக்குள்ளேயே கண்ணாடிக் கூண்டு ஒன்றை அமைத்து, வடிகட்டிய காற்றை அதில் பாய்ச்சி, உடம்பை முழுவதும் மூடும் அங்கி அணிந்து வேலை செய்து, அந்த விகிதத்தை நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே கொண்டுவந்தார். பலர் அப்போது அதை ஒரு பிடிவாதக்காரரின் கிறுக்கு என்றே நினைத்தார்கள். 1982இல் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட அறுவைகளை வைத்துப் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வு, தூய காற்று தொற்றைப் பாதியாகக் குறைக்கிறது என்று காட்டியது.

ஆக, தொற்று குறைந்தது, ஒழியவில்லை. ஒழியாத அந்தச் சிறு விகிதத்தில்தான் நம் கதை இருக்கிறது. மூட்டு மாற்றிக்கொண்ட ஒருவருக்கு இரண்டு ஆண்டு கழித்து வலி வருகிறது. காய்ச்சல் இல்லை. படத்தில் தண்டு லேசாகத் தளர்ந்திருக்கிறது. வெறும் தேய்மானமா, தொற்றா? தேய்மானம் என்றால் ஓர் அறுவை போதும். தொற்று என்றால் பெரும்பாலும் இரண்டு: முதலில் மூட்டைக் கழற்றி, மருந்து கலந்த சிமெண்ட்டை இடைவெளியில் வைத்து, வாரக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் செலுத்தி, பிறகு புதியது பொருத்த வேண்டும். தவறாக முடிவு செய்தால் புது மூட்டும் அதே கிருமியின் மேல் வைக்கப்படும். க்ளுக் செய்ததே மறுபடியும் நடக்கும்.

கிருமியை வளர்த்துப் பார்க்கும் கலையின் தொடக்கத்துக்குக் கொஞ்சம் போக வேண்டும். அது தோலுக்கும் மிக நெருக்கமானது. கோக் 1876இல் முதன்முதலாக ஒரு நோய்க்கும் ஒரு பாக்டீரியாவுக்கும் உள்ள தொடர்பை ஐயமற நிறுவியது அடைப்பான் நோயில். ஆந்த்ராக்ஸ் என்று இன்று செய்தித்தாள்கள் எழுதும் அது, மாடு ஆடுகளின் நோய். அவற்றின் தோலையும் மயிரையும் கையாள்பவர்களின் நோய். காய்ந்த தோலில் அதன் விதைத்துகள்கள் பல்லாண்டு உயிரோடு கிடக்கும். 1911இல் இத்தாலியரான அஸ்கோலி, இறந்த விலங்கின் திசுவை நீரில் கொதிக்கவைத்து வடித்த சாற்றையும் நோய் எதிர்ப்பு ஊநீரையும் ஒரு குழாயில் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றி, இரண்டும் சந்திக்கும் இடத்தில் வெண்வளையம் தோன்றுகிறதா என்று பார்க்கும் சோதனையைக் கொண்டுவந்தார். வணிகத் தோல்களைச் சோதிக்க அது நெடுங்காலம் பயன்பட்டது. கிருமி உயிரோடு இருக்கத் தேவையில்லை, அதன் எச்சம் இருந்தால் போதும் என்ற எண்ணம் அதில் அடங்கியிருக்கிறது. நூறாண்டு கழித்து மூட்டுத் தொற்றில் மரபணுச் சோதனைக்காரர்கள் சொல்வதும் ஏறத்தாழ அதுவேதான். அடைப்பான் நோய் தென்னிந்தியாவில் தொடர்ந்து நீடிக்கும் சிக்கல் என்று வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் 1996இல்கூட எழுத வேண்டியிருந்தது.

கோக் கிருமிகளை முதலில் உருளைக்கிழங்குத் துண்டில் வளர்த்தார், பிறகு ஜெலட்டினில். ஜெலட்டின் என்பது தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. உடல்வெப்பத்தில் அது உருகிவிடும். சில பாக்டீரியாக்கள் அதைத் தின்றும் விடும். கோக்கின் கூடத்தில் வேலை செய்த வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி, தம் அடுக்களையில் பழக்கூழ் உறையப் பயன்படுத்திய அகரைச் சொன்னார். ஜாவாவில் வாழ்ந்து திரும்பிய அண்டை வீட்டாரிடமிருந்து அவர் கற்றது அது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் நோன்புக் காலத்தில் பாலோடு காய்ச்சிச் சதுரம் சதுரமாக வெட்டி வைக்கும் கடற்பாசியும் இதே பொருள்தான். இஃப்தார் தட்டில் இருப்பதும் பெட்ரியின் தட்டில் இருப்பதும் ஒன்று என்பதை எண்ணும்போது ஏனோ மகிழ்ச்சியாக இருக்கிறது.

தட்டில் வளர்வதே கிருமி என்ற நம்பிக்கை இப்படி உருவானது. வேலூர் வட்டாரம் அந்த நம்பிக்கையின் எல்லையை முன்கூட்டியே அறிந்த இடம். ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய மருத்துவப்பணி 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாக விரிந்தது. 1946இல் பால் பிராண்ட் அங்கே வந்து சேர்ந்தார். கொல்லிமலையில் பிறந்தவர் அவர். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவைகளை 1948 முதல் செய்தார். உணர்ச்சியற்ற பாதங்களுக்கு மென்ரப்பர் செருப்பு வடிவமைப்பதில் அவரும் அவருடைய குழுவினரும் காட்டிய அக்கறை தோல் வட்டாரத்துக்குப் பொருத்தமானது என்று எங்களுக்குத் தோன்றுவதுண்டு. 1955இல் கரிகிரியில் ஷிஃபெலின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது.

தொழுநோய்க் கிருமியை நார்வேயில் ஹான்சன் கண்டது 1873இல். கோக்கின் அடைப்பான் ஆய்வுக்கும் மூன்றாண்டு முன்பு. ஆனால் இன்றுவரை அதை எந்த வளர்தட்டிலும் எவரும் வளர்த்ததில்லை. காதுமடலில் சிறு கீறல் போட்டு, கசிவைக் கண்ணாடியில் தடவி, சிவப்புச் சாயமேற்றி, ஒரு வட்டத்தில் எத்தனை குச்சிகள் என்று எண்ணுவதே வழி. மருந்துக்கு அது அடங்குகிறதா என்று அறிய 1960இல் ஷெப்பர்டு எலியின் பாதத்தைக் கண்டுபிடித்தார். அதில் கிருமியைச் செலுத்தி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். டாப்சோன் மருந்தை எதிர்க்கும் தொழுநோய்க் கிருமி உண்டென்று 1964இல் மலேசியாவின் சுங்கை பூலோவில் நிறுவப்பட்டது அந்த எலிப்பாத முறையால்தான். வளரவில்லை என்றால் இல்லை என்று பொருளல்ல. இந்தப் பாடம் கரிகிரியில் அன்றாட வேலையாக இருந்தது.

இரண்டாவது பாடம் இதைவிடக் கசப்பானது. வளர்ந்தும் எறியப்பட்ட கிருமி அது.

1911இல் ரங்கூன் பொது மருத்துவமனையின் நோய்க்கூறியல் மருத்துவர் ஆல்ஃபிரட் விட்மோரும் அவருடைய உதவியாளர் சி.எஸ். கிருஷ்ணஸ்வாமியும் பிணப் பரிசோதனைகளில் ஒரு புதுமையைக் கண்டார்கள். மார்ஃபின் ஊசிக்கு அடிமையானவர்களின் நுரையீரலிலும் கல்லீரலிலும் பாலாடைக்கட்டி போன்ற சீழ்க்கட்டிகள். குதிரைகளைத் தாக்கும் கிளாண்டர்ஸ் என்று சந்தேகித்தார்கள். ஆனால் இறந்தவர்கள் குதிரையோடு பழகியவர்கள் அல்லர். வளர்த்துப் பார்த்தால் கிருமி வேகமாக வளர்ந்தது, நீந்தியது. கிளாண்டர்ஸ் கிருமி நீந்தாது. 1912இல் இந்தியன் மெடிக்கல் கெஜட் இதழில் இருவர் பெயரிலும் கட்டுரை வந்தது. 1917இல் கிருஷ்ணஸ்வாமி தனியாக எழுதிய கட்டுரையின் தலைப்பு மார்ஃபின் ஊசியாளரின் குருதித் தொற்றைப் பற்றியது. நோய்க்கு விட்மோரின் பெயர் வழங்கியது. கிருஷ்ணஸ்வாமியின் பெயர் மேற்கோள் பட்டியல்களுக்குள் ஒதுங்கிக்கொண்டது. ரங்கூனில் தமிழர் கட்டிய கட்டடங்களைப் பற்றியும் செய்த வட்டித்தொழிலைப் பற்றியும் நம்மிடம் எவ்வளவோ எழுத்து உண்டு. பெயரிலேயே தென்னிந்தியத் தடம் தெரியும் இந்த மனிதரைப் பற்றி ஒரு பத்திகூட நாங்கள் தமிழில் படித்ததில்லை.

மெலியாய்டோசிஸ் என்று 1921இல் பெயர் பெற்ற இந்நோய் தாய்லாந்துக்கும் வட ஆஸ்திரேலியாவுக்கும் உரியது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. கிருமி நெல்வயலின் ஈர மண்ணில் வாழ்வது, நீரிழிவு உள்ளவர்களை விரும்பித் தாக்குவது, மழைக்காலத்தில் பெருகுவது. இந்த மூன்றும் நம்மிடம் இல்லையா? இருந்தும் இந்தியாவில் 1990கள் வரை பேச்சே இல்லை. காரணம் ஆய்வுக்கூடத் தட்டில் இருந்தது. இந்தக் கிருமி சாதாரண ஊடகத்தில் வளரும். ஆனால் பார்ப்பதற்குச் சூடோமோனாஸ் வகைகளைப் போல இருக்கும். 'சூடோமோனாஸ் இனம், ஏதோ ஒன்று' என்று எழுதி முடிப்பார்கள். அல்லது வெளியிலிருந்து கலந்த மாசு என்று எறிவார்கள். வேலூரில் டி. ஜேக்கப் ஜான், மேரி ஜேசுதாசன், எம்.கே. லலிதா ஆகியோர் அதை எறியாமல் பெயர் சொல்லி அடையாளம் கண்டு 1996இல் கட்டுரை எழுதினார்கள். தென்படுவது நுனி மட்டும்தானா என்ற கேள்வி அதன் தலைப்பிலேயே இருந்தது. 2016இல் வெளியான ஓர் உலகளாவிய மதிப்பீடு ஆண்டுக்கு 1,65,000 பேருக்கு இந்நோய் வருவதாகவும் 89,000 பேர் இறப்பதாகவும் கணித்தது. அதில் பெரும்பங்கைத் தெற்காசியாவுக்கு ஒதுக்கியது.

பெயர் சொல்வதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. தாய்லாந்தில் நடந்து 1989இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், பழைய மருந்துக் கூட்டால் 100க்கு 74 பேர் இறந்த கடும் மெலியாய்டோசிஸில், செஃப்டாசிடிம் கொடுத்தபோது அது 37 ஆகக் குறைந்தது. பெயர் தெரியாவிட்டால் அந்த மருந்து எவருக்கும் நினைவில் வராது. மூட்டுக்கும் இந்நோய்க்கும் நேரடி உறவும் உண்டு; மூட்டில் சீழ் வைப்பது அதன் முகங்களில் ஒன்று. செயற்கை மூட்டில் அது வருவது அரிதே. வந்தால் எலும்புச் சிமெண்ட்டில் வழக்கமாகக் கலக்கும் ஜென்டாமைசினுக்கு அது பொதுவாக அசையாது. 1970இல் ஹாம்பர்க்கில் புக்ஹோல்ஸ் அந்தச் சிமெண்ட்டை அறிமுகப்படுத்தியபோது அவர் மனத்தில் இருந்தவை ஐரோப்பியக் கிருமிகள்.

இனி உலோகத்துக்கு வருவோம்.

ஊறல் தொட்டியின் சுவரைத் தடவியவர்களுக்குத் தெரியும், அங்கே ஒரு கொழகொழப்பு படிந்திருக்கும். கழுவினால் போகாது, சுரண்ட வேண்டும். பாக்டீரியாக்கள் தனித்தனியாக நீந்துவதைவிட, ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு தாமே சுரந்த பசைக்குள் கூட்டமாக வாழ்வதையே விரும்புகின்றன என்று கனடாவின் பில் காஸ்டர்டன் 1978இல் பொது வாசகருக்கான ஓர் அறிவியல் இதழில் எழுதினார். மலையோடைக் கற்களின் வழுவழுப்பில் தொடங்கிய ஆராய்ச்சி அது. உயிர்ப்படலம் என்று இப்போது தமிழில் எழுதுகிறோம். எலும்பு மருத்துவரான கிரிஸ்டினா இதை உடம்புக்குள் வைக்கும் உலோகத்துக்குப் பொருத்திப் பார்த்தார். மூட்டை உள்ளே வைத்த கணத்திலிருந்து அதன் பரப்பைப் பிடிக்க உடலின் செல்களுக்கும் பாக்டீரியாவுக்கும் பந்தயம் நடக்கிறது என்றார் 1987இல். பாக்டீரியா முந்திவிட்டால் அதன் பிறகு வெளியேற்றுவது கடினம். படலத்துக்குள் அவை மெதுவாக வாழும், மருந்துக்கு மிகக் குறைவாகவே இரையாகும். ஊசியால் உறிஞ்சும் மூட்டு நீரில் அவை இறங்கியும் வராது.

இங்கே ஒரு சிறு விலகல். செயற்கை முழங்கால்கள் பெரும்பாலும் கோபால்ட்டும் குரோமியமும் கலந்தவை. இந்த வட்டாரம் குரோமியத்தை வேறு முகத்தில் அறியும். தோலை நீலமாக்கிப் பதப்படுத்தும் குரோம் உப்பு பாலாற்று நீரை என்ன செய்தது என்பதற்கு உச்சநீதிமன்றத்தின் 1996 ஆகஸ்ட் தீர்ப்பு சாட்சி. ராணிப்பேட்டையில் குரோமேட் ஆலை ஒன்று விட்டுச்சென்ற கழிவு மலை இன்னொரு சாட்சி. அதே தனிமம் அரிப்பை எதிர்க்கும் உறுதியை அளித்து ஒரு மூதாட்டியின் முழங்காலுக்குள் இருக்கிறது.

ஆய்வுக்கூடம் இந்தப் படலத்தை எப்படி எதிர்கொண்டது? முதலில் எண்ணிக்கையால். 1981இல் ஸ்வீடனின் காம்மேயும் லிண்ட்பெரியும் ஒரே மூட்டிலிருந்து ஐந்து திசுத் துண்டுகள் எடுக்கச் சொன்னார்கள். தோலில் வாழும் ஸ்டெஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் போன்ற கிருமி ஒரு துண்டில் மட்டும் வளர்ந்தால் அது கத்தியோடோ கையுறையோடோ வந்த மாசாக இருக்கலாம். பலவற்றிலும் அதுவே வளர்ந்தால் மாசு என்று தள்ள முடியாது. 1998இல் ஆக்ஸ்ஃபோர்டில் அட்கின்ஸ் குழுவினர் இதைக் கணக்காகவே நிறுவினர்: ஐந்து அல்லது ஆறு மாதிரிகள், ஒவ்வொன்றுக்கும் தனிக் கத்தி, தனிப் புட்டி, மூன்றிலாவது வேறுபடுத்த முடியாத அதே கிருமி. நூற்றாண்டுக்கு மேல் மருத்துவ மாணவர்கள் பயிலும் கிராம் சாயம் இங்கே தொற்றுள்ளவர்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேரை மட்டுமே காட்டிக்கொடுத்தது என்பதும் அதே ஆய்வின் முடிவு. மெலியாய்டோசிஸ் கதையின் தலைகீழ் வடிவம் இது. அங்கே நோயை மாசென்று எறிந்தார்கள். இங்கே எது நோய், எது மாசு என்று பிரிக்கத் துண்டுகளை எண்ணுகிறார்கள்.

அடுத்தது காலம். க்யூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற கிருமி முகப்பரு வருமிடத்தில் சாதுவாக வாழ்வது. தோள்பட்டை மூட்டில் அடிக்கடி குற்றவாளி. காற்றை வெறுத்து மெதுவாக வளரும். 2008இல் ஜெர்மனியில் ஷேஃபரும் பிறரும் தட்டுகளைப் பதினான்கு நாள் வைத்திருந்து பார்த்தனர். ஏழாம் நாள் முடிவில் தென்பட்டவை நான்கில் மூன்று பங்குக்கும் சற்றுக் குறைவு. மிச்சத்தைப் பார்க்க இரண்டாவது வாரமும் காத்திருக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது, சுரண்டுவது. கழற்றிய மூட்டைத் திசுவோடு ஒப்பிடாமல் மூட்டையே கேட்டால் என்ன என்று 1990களின் இறுதியில் பெல்ஃபாஸ்டில் யோசித்தார்கள். மின்னசோட்டாவின் மேயோ மருத்துவமனையில் ஆண்ட்ரே டிராம்புசும் துணைவர்களும் 2007இல் அதை முறைப்படுத்தி வெளியிட்டனர். கழற்றிய உலோகத்தை மூடியுள்ள பெட்டியில் 400 மில்லிலிட்டர் உப்புக்கரைசலில் வைத்து, குலுக்கி, ஐந்து நிமிடம் கேளா ஒலி அலைக்குள் நிறுத்தினால் படலம் உதிரும். அந்த நீரை வளர்க்கலாம். நகைக்கடையில் மோதிரம் கழுவும் பெட்டியின் பெரிய உடன்பிறப்பு என்று கொள்ளலாம். 331 பேரின் மூட்டுகளில் செய்து பார்த்ததில், தொற்றைத் திசு வளர்ப்பு 60.8 விழுக்காடு கண்டது. உதிர்த்த நீர் 78.5 விழுக்காடு கண்டது. அறுவைக்கு முந்தைய 14 நாட்களுக்குள் ஆன்டிபயாட்டிக் எடுத்தவர்களிடம் திசு 45 விழுக்காட்டுக்குச் சரிந்தது. உதிர்த்த நீர் 75இல் நின்றது.

இந்தக் கடைசி எண் நம் ஊருக்கானது. முழங்கால் வீங்கினால் முதலில் போவது மருந்துக்கடைக்கு. ஐந்து மாத்திரை, ஒரு வலி நிவாரணி, காகித உறையில். அது தீராவிட்டால் பக்கத்து டாக்டரிடம் ஓர் ஊசி. பெரிய மருத்துவமனைக்கு வந்து சேரும்போது படலத்தின் மேற்புறக் கிருமிகள் செத்திருக்கும், உள்ளிருப்பவை தூங்கும். தட்டு வெறுமையாக இருக்கும். 'வளர்ச்சி இல்லை' என்ற இரண்டு சொற்களை நோயாளியின் குடும்பம் நல்ல செய்தியாகப் படிக்கிறது. பல நேரம் அது கெட்ட செய்தி. ஆகவேதான் அவசரமில்லாத நோயாளியிடம் மருந்தை இரண்டு வாரம் நிறுத்திவிட்டு மாதிரி எடுக்கச் சொல்கிறார்கள். மருந்தை நிறுத்துவதுதான் மருத்துவம் என்று ஒரு குடும்பத்துக்குப் புரியவைப்பது ஆய்வுக்கூடக் கருவிகள் எதையும்விடக் கடினம்.

காசநோயும் இருக்கிறது. க்ளுக்கைத் தோற்கடித்த அதே கிருமி இந்தியாவில் எந்த மூட்டிலும் இருக்கலாம். மாற்று மூட்டிலும் சில நேரம் வெளிப்படுகிறது. சாதாரணத் தட்டில் அது பதினான்கு நாளில்கூட முளைக்காது. கேட்டு அனுப்பினால்தான் அதற்குரிய ஊடகத்தில் ஆறு முதல் எட்டு வாரம் வைப்பார்கள். 2010இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்ற மரபணுச் சோதனை இரண்டு மணி நேரத்தில் பதில் தருகிறது என்றாலும், அதற்கும் யாராவது கேட்க வேண்டும். அறுவை மருத்துவர் சீட்டில் எழுதாததை ஆய்வுக்கூடம் தேடாது. எங்கள் வாசிப்பில், இந்தத் துறையின் குறைகளில் பாதி கருவியினுடையது அல்ல, சீட்டினுடையது.

விலைமிக்க வழிகளும் வந்திருக்கின்றன. கிருமியின் புரதங்களை எடைபோட்டுச் சில நிமிடங்களில் பெயர் சொல்லும் பொறி இப்போது இந்தியாவின் பெரிய கூடங்களில் உண்டு. உதிர்த்த நீரில் உள்ள எல்லா மரபணுவையும் படித்துப் பார்க்கும் முறையை 2017 முதல் ஆக்ஸ்ஃபோர்டினர் வெளியிட்டு வருகின்றனர். அது மாசையும் சேர்த்தே படித்துவிடும் என்பது அதன் பழைய தலைவலி. எங்களுக்கு நம்பிக்கை தருபவை எளிமையானவை. திசுத் துண்டை மலட்டு நீரோடும் கண்ணாடி மணிகளோடும் குலுக்கி உடைப்பது. உடைத்ததை இரத்த வளர்ப்புப் புட்டியில் செலுத்துவது. இந்தப் புட்டியும் அதை வைக்கும் பொறியும் மாவட்டத் தலைநகர்களின் தனியார் மருத்துவமனைகளில்கூடக் காணக்கூடியவை. 2016இல் மேயோவினர் எழுதியபடி, புட்டியைப் பயன்படுத்தினால் மூன்று மாதிரிகளே போதும், தட்டென்றால் நான்கு. ஒரு துண்டு குறைந்தாலும் நோயாளிக்குச் செலவு குறைகிறது.

செலவைப் பற்றிய பேச்சில் 2017 ஆகஸ்டை மறக்க முடியாது. மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் கோபால்ட்-குரோமிய முழங்காலுக்கு வரி நீங்கலாக 54,720 ரூபாய் என்று உச்சவரம்பு விதித்தது. அதற்கு முன் பல மடங்கு விலை கொடுத்தவர்கள் உண்டு. மூட்டு மலிந்தது, ஷூ ஆலையில் கால் நூற்றாண்டு நின்று வேலை செய்த பெண்கள்கூட மூட்டு மாற்றுவதைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். எண்ணிக்கை கூடினால், விகிதம் எவ்வளவு சிறியதானாலும், தொற்றுக் கண்டவர்களின் எண்ணிக்கையும் கூடும். ஆனால் ஆய்வுக்கூடத்தில் தட்டு காத்திருக்கும் பதினான்கு நாளுக்கு எந்த ஆணையமும் விலை வைக்கவில்லை. சிறு நகரங்களின் கூடங்களில் இரண்டாம் நாள் மாலை 'வளர்ச்சி இல்லை' என்று தட்டச்சு செய்து, தட்டைக் கொதிகலனில் போட்டுவிடுவதே வழக்கம். புதிய தட்டுகளுக்கு இன்குபேட்டரில் இடம் வேண்டுமல்லவா.

அந்தத் தட்டுகளை இரண்டாம் நாள் எறியாமல் தனி அடுக்கில் ஏற்றி, மேலே தேதி எழுதி ஒட்டி, காற்றில்லாத சாடியில் இருப்பவற்றைத் திறக்காமலே ஒரு வாரம் விட்டு, பிறகு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கும் கூடங்களும் இருக்கின்றன. சில நாள் எதுவும் இருக்காது. சில நாள் பதினோராம் நாளில் ஊசிமுனை அளவில் ஒரு வெண்புள்ளி தெரியும். ஐந்து தட்டுகளில் எத்தனையில் தெரிகிறது என்று அப்போது எண்ணத் தொடங்குவார்கள்.